சுவருக்குப் போட்ட வணக்கம்

திருப்பூர்
14.6.2004

தமிழ்மதிக்கு,

போன் போட்டால் உங்கப்பா எடுக்கிறார். "எல்லாருஞ் சௌக்கியமுங்க மாப்ளே" என்கிறார், வைத்துவிடுகிறார். முருங்கைக்காய் விலை சொல்கிற குரலில்தான் இதையும் சொல்கிறார். பாப்பாவைக் கேட்டால் தூங்குகிறாளாம். உன்னைக் கேட்டால் குளிக்கிறாயாம். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "சரக்கு அனுப்பப்பட்டது, பெற்றுக்கொள்ளவும்" என்பதற்கு மேல் எழுதிப் பழகாத கை. பிழை பார்க்காதே.

நீ கிளம்பிப் போன நாளில் நடந்ததை அங்கே எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நடந்தபடி நான் எழுதிவிடுகிறேன். உங்கப்பா காய்க்கட்டோடு குடோனுக்குள் வந்தபோது நான் தாரணிப் பாப்பாவைச் செக்கிங் டேபிளில் படுக்க வைத்திருந்தேன். மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. காதுக்குப் பக்கத்தில் கை தட்டினேன். திரும்பவில்லை. வண்டிச் சாவியை ஆட்டினேன். பார்க்கவில்லை. அப்புறம் வழக்கம் போல இரண்டு கையையும் நீட்டித் தலை குனிந்து ஒரு வணக்கம் போட்டாள். உங்கப்பா சிரித்துக்கொண்டே பதில் வணக்கம் போட்டார். நான் சொன்னேன், "எங்கியோ கோளாறு இருக்குதுங்க மாமா. இது செகண்ட்ஸ்."

வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. விடிந்தால் பொழுது போகும் வரை கோளாறுள்ள பனியனைப் பார்த்து அதையே சொல்லிப் பிழைக்கிற வாய். துணி பிரித்துக்கொண்டிருந்த ஒச்சாயி தலை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய். சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் மூலனூர் போய்விட்டீர்கள்.

வார்த்தை தப்பு. விஷயம் தப்பில்லை.

வணக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் மதி. கம்பெனி கேட் கேட்டாக நின்று, வாட்ச்மேனில் ஆரம்பித்து முதலாளி வரைக்கும் வணக்கம் போட்டுத்தான் ஒரு மூட்டை செகண்ட்ஸ் பனியன் வாங்கி இந்த வியாபாரத்தைத் தொடங்கினேன். வணக்கம் போடுகிறவன் கண்ணில் எதிராளி இருக்க வேண்டும். போன வாரம் கல்கத்தா சேட்டுக்கு இவள் வணக்கம் போட்டபோது நான் அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் சேட்டு இல்லை. அடுத்த நாள் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். சுவருக்கும் அதே வணக்கம்.

இன்னொன்று. வண்டி ஹாரன் கேட்டால் சிரிப்பாள். என் சட்டைப் பையில் பேனாவைப் பிடித்து இழுப்பாள். இப்போது இரண்டும் இல்லை. இன்னும் வராத ஒன்றுக்காக நான் பயப்படவில்லை. வந்தது போயிருக்கிறதே, அதற்குத்தான் பயம். இங்கே பார்த்த டாக்டர் பல் முளைக்கிற நேரம் என்றார். எனக்கு ஒப்பவில்லை. கோயமுத்தூரில் குழந்தைகளுக்கு என்றே நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். நீ சரி என்றால் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அவள் பிடித்துக்கொண்டு தூங்குகிற பச்சைப் பனியன் இங்கேயே கிடக்கிறது. அது இல்லாமல் எப்படித் தூங்குகிறாள்?

பிரபாகர்


மூலனூர்
18.6.2004

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அப்பா பிரிக்காமல்தான் கொடுத்தார். பனியன் இல்லாமலேயே தூங்குகிறாள். நீங்கள் அனுப்ப வேண்டாம்.

வார்த்தை தப்பு, விஷயம் தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபிறகு இரண்டு நாள் பதில் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன வார்த்தையைவிட, சொல்லிவிட்டு நீங்கள் அவளைப் புரட்டின விதம்தான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. வெளிச்சத்தில் தூக்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து. பனியனில் ஓட்டை தேடுகிற கை அது. என் பிள்ளையை அந்தக் கையால் தொட்டீர்கள்.

முதன்முதலில் அவள் வணக்கம் போட்டபோது ஊரைக் கூட்டினது யார்? "மொதலாளியம்மா வணக்கம் போடறாங்க, எல்லாரும் வரிசைல நில்லுங்க" என்று குடோனில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினது யார்? வருகிற வியாபாரிக்கெல்லாம் காட்டினீர்கள். வியாபாரத்துக்கு ஆகிற வரைக்கும் வணக்கம், இப்போது கோளாறா?

இங்கே யாருக்கும் அப்படித் தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்தால்தானே. தூங்கி எழுந்ததும் முதல் வேலையே அதுதான். இரண்டு கையும் விறைப்பாக முன்னால் வரும், தலை குனியும், இடுப்போடு மடங்கிக் கும்பிடுவாள். கொஞ்சம் நிறுத்துவாள். மறுபடி கும்பிடுவாள். ஒன்று மாற்றி ஒன்று வரிசையாக வரும், கோயிலில் பெரியவர்கள் விழுந்து கும்பிடுகிற மாதிரி. அந்த நேரத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அத்தனை கவனம். முடிந்ததும் சிணுங்கி அழுவாள். "சாமி போயிருச்சுன்னு அழுகறா எங்கண்ணு" என்று அப்பா சொல்வார். பக்கத்து வீட்டு ராமாயி அக்கா தினமும் காலையில் பார்க்க வருகிறார். போன பிறவியில் பூசாரியாக இருந்திருப்பாள் என்கிறார்.

உங்களுக்குக் கோளாறாகத் தெரிவது இவர்களுக்குப் பாக்கியமாகத் தெரிகிறது. நான் எந்த வீட்டில் பிள்ளை வளர்க்கட்டும்?

சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இடம் புதுசு. இரண்டு நாளில் சிரிப்பாள்.

தமிழ்மதி


திருப்பூர்
24.6.2004

மதி,

இதைக் கோபமில்லாமல் எழுத வேண்டும் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் போனேன். பிள்ளை இல்லாமல் டாக்டரைப் பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான். டோக்கன் கொடுக்கிற பெண் குழந்தை எங்கே என்று கேட்டாள். மூலனூரில் என்றேன். அவள் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

டாக்டர் என்ன செய்கிறது குழந்தை என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வணக்கம் போடுகிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்து அந்த இடத்தை மட்டும் படித்தேன். தூங்கி எழுந்ததும், கை விறைப்பாக வரும், இடுப்போடு மடங்கும், வரிசையாக வரும், முடிந்ததும் அழுவாள். பாதியிலேயே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"யார் எழுதினது?"

"என் சம்சாரமுங்க. கொழந்தைக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குக் காட்டறதுக்கு எழுதினதுங்க."

கடிதத்தை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார். அப்புறம் சொன்னார். "இவ்வளவு சரியா யாரும் எங்கிட்டச் சொன்னதில்லைங்க. ஆனா இது கும்பிடறது இல்லை. ஃபிட்ஸ்."

ஃபிட்ஸ் என்றால் கையும் காலும் இழுத்து நுரை தள்ளுவதுதானே நமக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு இப்படியும் வருமாம். பார்த்தால் கும்பிடுகிற மாதிரியேதான் இருக்குமாம். ஒவ்வொரு தடவையும் மூளைக்குள்ளே ஓர் அதிர்ச்சி. கற்றுக்கொண்டதை அது கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே வரும். சிரிப்பு போனது அதனால்தான். தலையில் வயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும், உடனே ஊசி ஆரம்பித்தால் நிறுத்தப் பார்க்கலாம், தள்ளிப்போடப் போட, போனது திரும்பாது என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

அங்கிருந்து நேராக மூலனூருக்குத்தான் வண்டியை விட்டேன். அது உனக்குத் தெரியும். உங்கப்பா சந்தையில் காய் எடை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் என்னைக் கையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ளே, அந்தப் பேச்சை இந்த ஊருக்குள்ள எடுத்தராதீங்க. சித்ரகலாவுக்கு ஆவணியில மூர்த்தம் வெச்சிருக்குது. அக்கா புள்ளைக்கு இழுப்புன்னு காதுல விழுந்தா, பந்தல் போட்ட பொறவும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருவாங்க. அது முடியட்டுமுங்க. நானே கூட்டிட்டு வந்து உங்கூட்ல உட்டர்றேன்."

கண் கலங்கித்தான் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. உன் தங்கை கல்யாணம் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை. ஆனால் ஆவணி எங்கே இருக்கிறது, பாப்பா எங்கே இருக்கிறாள்?

உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். பிள்ளையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்க முடியும், என் கையைப் பிடிக்கிற ஆள் அங்கே இல்லை. பால் குடிக்கிற பிள்ளையை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் நான் என்ன செய்வேன்? ஜன்னலில் உன் சேலை தெரிந்தது. வெளியே வருவாய் என்று நின்றேன். நீ வரவில்லை.

பிரபாகர்


மூலனூர்
28.6.2004

மாமாவுக்கு,

ஜன்னலில் நின்றது நான்தான்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். கதவு வரைக்கும் வந்தேன். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் டாக்டர் சொன்னது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. திறக்காத வரைக்கும் அது உங்களுடைய பேச்சாக மட்டும் இருக்கும். இப்படியெல்லாம் நினைப்பது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும்.

நான் எழுதினதை எடுத்துப் போய் முன்பின் தெரியாதவரிடம் படித்துக் காட்டினீர்களே. என் வாயாலேயே என் பிள்ளைக்கு வியாதி சொல்ல வைத்துவிட்டீர்கள்.

சித்ரகலா புடவை எடுத்து வந்து விரித்துக் காட்டுகிறாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி எழுந்து போவேன்? ஆவணி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

இன்றைக்குக் காலையில் அவள் வெகுநேரம் கும்பிட்டாள். ராமாயி அக்கா கைகூப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால் பிடித்திருந்தது.

தமிழ்மதி


திருப்பூர்
8.7.2004

மதி,

செவ்வாய்க்கிழமை நம் டிரைவர் மூக்கையா மினிடோர் வண்டியில் அவிநாசிக்குச் சரக்கு கொண்டு போனான். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு நகராமல் நின்றான். என்னடா என்றேன்.

"அண்ணே, நம்ம அக்காவைத் திருமுருகன்பூண்டில பாத்தேண்ணே. செலை கொத்துற பட்டறைக்கு முன்னாடி கார் நின்னுச்சு. பாப்பாவும் இருந்துச்சு. நம்ம வீட்டுக்குத்தேன் வாராகன்னு நெனச்சேன்."

பூண்டியிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? டவுன்பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். வந்து கும்பிட்டுவிட்டு இந்த வாசலைத் தாண்டாமலேயே திரும்பிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருந்தேன். சோறு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சரி. அதை விடு. நான் வியாபாரி, வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். மூலனூரைச் சுற்றிக் கோயிலுக்கா பஞ்சம்? முருகனைத்தான் கும்பிட வேண்டும் என்றால் போகிற வழியிலேயே எத்தனை குன்று இருக்கிறது. சித்தம் கலங்கினவர்களைக் கூட்டிவந்து தங்க வைத்துத் தீர்த்தம் ஆட்டுகிற கோயில் அது என்று இந்தச் சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால், "இவனைப் பூண்டிக்குக் கூட்டிட்டுப் போ" என்றுதானே திட்டுகிறார்கள். பாக்கியம் பெற்ற பிள்ளையை யாரும் பூண்டிக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். அதுவும் ஊருக்குத் தெரியாமல் வாடகைக் கார் வைத்து.

அப்படியென்றால் உங்கப்பாவும் பயந்துவிட்டார். நீயும் பயந்துவிட்டாய். இத்தனை நாளாக நான் ஒருவன் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். மூன்று பேரும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே பயத்தைப் பயந்துகொண்டிருக்கிறோம். இதிலென்ன லாபம்?

டாக்டரை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய். அவள் கும்பிட ஆரம்பித்ததும் நேர் எதிரில் உட்கார். அடுத்த கும்பிடு வருவதற்குள் சத்தமில்லாமல் விலகிக்கொள். உன்னைத் தேடுகிறாளா, நீ இருந்த இடத்தையே கும்பிடுகிறாளா என்று பார். தேடினால் நான் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஆவணி என்ன, தை வரைக்கும் அங்கேயே இரு.

தனியாக இருக்கும்போது செய். ராமாயி அக்காவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

பிரபாகர்


மூலனூர்
12.7.2004

மாமா,

பூண்டிக்குப் போனது நிஜம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னது அப்பா இல்லை, நான். திரும்புகிற வழியில் ரோட்டுக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன், தெரிந்த வண்டி எதுவும் கண்ணில் படக் கூடாது என்று.

காரில் தூங்கிக்கொண்டு வந்தவள் அங்கே சந்நிதிக்கு முன்னால் விழித்ததும் கும்பிட ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்களெல்லாம் உருகிப் போனார்கள். தூணுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, வளர்ந்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கியிருக்கிறவர், அவர் மட்டும் கைகூப்பவில்லை. என்னிடம் வந்து மெதுவாக, "எந்திரிச்சொடனேதான் பண்ணுமா கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். வரும் வழியெல்லாம் அந்தக் கை என் தலையிலேயே இருந்தது.

நீங்கள் எழுதினதை இன்றைக்குக் காலையில் செய்தேன். அம்மா மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒன்று வந்தது. எனக்கே எனக்குப் போட்ட வணக்கம் மாதிரி இருந்தது. விலகிக்கொண்டேன். அடுத்தது வந்தது. அதே இடத்துக்கு. அங்கே அரிசி மூட்டை இருந்தது. பின்னால் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறமும் வந்தது. அப்புறமும்.

அவள் என்னைக் கும்பிடவில்லை மாமா. அவள் யாரையுமே கும்பிடவில்லை. நாங்கள்தான் அத்தனை நாளும் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

முடிந்து அழுதபோது தூக்கிக்கொண்டேன். சாமி போய்விட்டது என்று அழவில்லை, வலித்து அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. வலிக்குமா? டாக்டரிடம் கேட்டீர்களா?

வெள்ளிக்கிழமை அப்பா சந்தைக்குப் போனதும் நான் பஸ் ஏறுகிறேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். இங்கே வர வேண்டாம், வண்டி வந்து நின்றால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். போன் போட்டிருப்பேன், அப்பா போன் அவர் பையிலேயே இருக்கிறது, பூத் வைத்திருப்பது சித்ரகலாவுக்கு வரப்போகிற மாமியாரின் தம்பி. சித்ரகலாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவள் தன் பையில் இருந்ததை எடுத்துவிட்டு அந்தப் பையை என்னிடம் கொடுத்தாள்.

பச்சைப் பனியனை எடுத்து வாருங்கள்.

மதி


கோயமுத்தூர்
6.8.2004

மாமா,

தினமும்தான் போனில் பேசுகிறோம். ஆஸ்பத்திரி போனில் பின்னால் ஆள் நிற்கும்போது "இன்னைக்கு ஊசி போட்டாச்சுங்க, பால் குடிச்சாளுங்க" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. எழுதினால் வருகிறது. நமக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்த ரூம் பரவாயில்லை. ஊசி போடப் போட முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டாள். பசி அதிகம். கோபம் அதிகம். மருந்து உடம்பில் இருக்கிற வரைக்கும் சளி, காய்ச்சல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாதாம். நம் வீட்டுக்குக் கீழே குடோன், பஞ்சுத் தூசி பறக்கும் என்று சொன்னேன். அங்கே இப்போது கொண்டு போகவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். மூலனூரும் இல்லை, திருப்பூரும் இல்லை, இந்த ஒற்றை ரூம்தான் எங்களுக்கு ஊர்.

கும்பிடு நின்றுவிட்டது. முந்தாநாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. மறுபடி வயர் வைத்துப் பார்த்தார்கள், அதிலும் அடங்கியிருக்கிறதாம். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் அவள் கும்பிடாமல் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அசைவே இல்லை. இத்தனை நாளாக அவள் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் நாம் நிறுத்திவிட்டோம். வியாதி போனதற்கு ஏங்குகிறவள் யாராவது உண்டா? அந்த நேரம் வந்தால் எனக்குக் கை பரபரக்கிறது. எதிரில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் கண் என்னைத் தாண்டிப் போகிறது.

போனது திரும்பி வருமா என்று கேட்டால் டாக்டர், "நிறுத்தறது நம்ம கையில இருந்துச்சுங்க. வர்றது அவ கையில இருக்கு" என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்?

மதி


திருப்பூர்
10.8.2004

மதி,

கேட்டாய், சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்காரன் ஒதுக்கித் தள்ளினதுக்குப் பேர் செகண்ட்ஸ். அவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். நான் அதைச் சுமந்து வந்து வெளிச்சத்தில் விரித்து ஒவ்வொரு பீஸாகப் பார்க்கிறவன். ஆயில் கறை என்றால் துவைக்கலாம். தையல் விட்டிருந்தால் தைக்கலாம். ஊசி உடைந்து நெடுகக் கோடு விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியே போட்டுக்கொள்கிற ஆளைத்தான் தேட வேண்டும். என்ன கோளாறு என்று தெரிகிற வரைக்கும் எந்தப் பீஸையும் நான் கீழே வைத்ததில்லை. அன்றைக்கு என் வாயில் அந்த வார்த்தை வந்தபோது அந்த அர்த்தத்தில்தான் வந்தது. உன் காதில் விழுந்தபோது கழித்துக் கட்டினதாக விழுந்தது. உலகத்தில் எல்லார் காதிலும் அப்படித்தான் விழும். இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளையைப் பற்றிப் பேச வேறு பாஷை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

இங்கே மேல் வீட்டைக் கழுவிவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடித்தேன். அப்படியும் காலையில் தொட்டில் கம்பியில் விரலை வைத்தால் பஞ்சு ஒட்டுகிறது. குடோனை வேறு இடத்துக்கு மாற்ற இடம் பார்க்கிறேன், கிடைக்கும். ஒச்சாயி பாப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "மொதலாளியம்மா இல்லாம எவளும் வரிசைல நிக்க மாட்டேங்காளுகண்ணே" என்கிறாள். சிரிப்பு காட்டுவதற்காகச் சொல்கிறாள், பாவம்.

சித்ரகலா கல்யாணப் பத்திரிகை வந்தது. தபாலில். மூத்த மாப்பிள்ளைக்கு, வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டியவனுக்கு, ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில். அன்றைக்கே மூலனூர் பஸ் கண்டக்டர் ஒரு கட்டு முருங்கைக்காயை இறக்கிவிட்டுப் போனார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. பத்திரிகை ஊருக்காக அனுப்பினது, காய் நமக்காக அனுப்பினது என்று எடுத்துக்கொண்டேன். நாம் போக வேண்டாம். போனால் பிள்ளை எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது உங்கப்பா.

காய் முழுக்க நானே ஆக்கித் தின்றேன். ஒருத்தனுக்கு அது ரொம்ப அதிகம்.

பிரபாகர்


கோயமுத்தூர்
27.8.2004

மாமா,

நேற்று சித்ரகலாவுக்கு முகூர்த்தம். இந்தத் தெருக்கோடி மண்டபத்திலும் யாருக்கோ கல்யாணம். விடியற்காலையிலேயே மேளம் கேட்டது. கெட்டிமேளம் வந்தபோது அவளுக்கும் இதே நேரம்தானே என்று நினைத்துக்கொண்டு, கையில் அரிசி எடுத்து ரூமுக்குள்ளேயே போட்டேன். தாரணி தலையில்தான் விழுந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் அரிசியைப் பெருக்கலாம் என்று எழுந்தேன். விளக்குமாறு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் முகம் கதவுப் பக்கம் இருந்தது.

மேளச் சத்தத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் போனேன், மெதுவாக. கண் வந்தது. நின்றேன். கண் நின்றது. அடுப்புப் பக்கம் போனேன். முதலில் வரவில்லை, கொஞ்சம் தயங்கி அப்புறம் வந்தது. சிரிக்கவில்லை. கையை நீட்டவில்லை. கண் மட்டும்தான்.

எத்தனை தடவை அந்த ரூமுக்குள் நடந்தேன் என்று தெரியாது. அரிசியெல்லாம் காலில் மிதிபட்டது. கத்திக் கூப்பிடலாம் என்றால் பக்கத்து ரூமில் யாரும் இல்லை, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். உங்களுக்குப் போன் போட வேண்டுமென்றால் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும், தூக்கினால் அது கலைந்துவிடுமோ என்று பயம். நான் ஒருத்திதான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

மதி


திருப்பூர்
30.8.2004

மதி,

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன்.

நான் பார்த்தேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு போனபோது அவள் கண் உன் பின்னாலேயே போனதை என் கண்ணால் பார்த்தேன். நீ எழுதினது நிஜம். எனக்குச் சந்தேகம் இருந்தது, சரக்கைத் தொட்டுப் பார்க்கும் வரை நம்பாத புத்தி. இனி இல்லை.

நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது நான் எதிரில் உட்கார்ந்தேன். பனியனை ஆட்டிக் காட்டினேன். ஹாரன் மாதிரி வாயால் சத்தம் போட்டேன். சட்டைப் பையைப் பேனாவோடு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். மெதுவாக விலகினேன். அவள் கண் என் பின்னால் வரவில்லை. நான் இருந்த இடத்திலேயே நின்றது. நீ உள்ளே வந்ததும் உன் பக்கம் திரும்பிக்கொண்டது. அப்போது நான் சிரித்தேன், நீ பார்த்தாய். அது நான் வியாபாரத்தில் சிரிக்கிற சிரிப்பு.

உன் பின்னால் வருகிறதே, அது போதும் என்று பஸ்ஸில் பல்லடம் தாண்டும் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். போதாதுதான் மதி. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

அவளைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை வருகிற ஆளை அவள் எதற்காகப் பார்க்க வேண்டும்? வருகிற ஞாயிறும் வருகிறேன். அதற்கடுத்த ஞாயிறும். வந்து எதிரில் உட்காருவேன், விலகிப் பார்ப்பேன், பார்க்காவிட்டால் மறுபடி போய் உட்காருவேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம். கம்பெனி கேட்டில் முதல் நாளே என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எனக்கு நின்று பழக்கம்.

பிரபாகர்